கடலோரத்தில் எல்லோருக்கும் முறை உண்டு, பயணிக்கும் வேண்டும்

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் பீபீ லே என்றொரு சிறு தீவு இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைகள் சுவராக எழும்பி நிற்க, உள்ளே வெண்மணலும் தெளிந்த நீருமாக ஒரு குடா. மாயா விரிகுடா என்பது அதன் பெயர். 2000இல் வெளியான ‘தி பீச்’ என்ற ஹாலிவுட் படம் அந்த இடத்தை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. படப்பிடிப்புக்காக மணல்மேடுகளைச் சமப்படுத்தித் தென்னைகளை நட்டார்கள் என்று தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஆனால், பெரிய சேதம் படம் ஓடி முடிந்த பிறகுதான் தொடங்கியது. நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை அந்தச் சிறிய மணற்பரப்பில் வந்து இறங்கினார்கள். விசைப்படகுகள் கரைக்கு அருகிலேயே நங்கூரம் பாய்ச்சின. பவளப்பாறைகளில் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூனில் தாய்லாந்து அரசு குடாவை மூடியது. சில மாதங்களுக்கு என்று சொல்லித்தான் மூடினார்கள். திறப்பதற்கு 2022 ஜனவரி ஆகிவிட்டது.

ஆள் நடமாட்டம் நின்றதும், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. இப்போது அங்கே படகுகள் குடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்புறம் இறங்கி, பாதை வழியே நடந்து வர வேண்டும். ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. காலை நனைக்கலாம், நீந்தக் கூடாது. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் குடாவை மறுபடி மூடிவிடுகிறார்கள்.

மாயா விரிகுடாவைப் பாழாக்கியவர்களுக்கு அதன்மேல் எந்தப் பகையும் இல்லை. அதன் அழகைக் கேள்விப்பட்டு, பணம் சேர்த்து, கடல் தாண்டி வந்தவர்கள் அவர்கள். கடற்கரைச் சுற்றுலாவில் நேரும் கேடுகளில் பல, இப்படி ஆசையோடு வருகிறவர்களால்தான் நேர்கின்றன. ஆகவே, ‘இயற்கையை நேசிப்போம்’ என்று பலகை வைப்பதால் பெரிய பயன் இல்லை. நேசம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்ற அறிவும், எத்தனை பேர் எப்போது வரலாம் என்ற வரம்பும்தான் இல்லை. கோடை விடுமுறையில் மெரினாவும் கோவளமும் தனுஷ்கோடியும் பிதுங்கி வழியும் தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டும் உடனடித் தேவை.

ஆசையால் வரும் கேடு

பவளப்பாறையிலிருந்தே தொடங்கலாம். மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பவளத்திட்டு, பார்வைக்குக் கல்லாகத் தெரியும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள், தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் குடியிருப்பு அது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதப்பவர் களைத்துப்போய்க் கால் ஊன்ற இடம் தேடும்போது, அந்த உயிர்களின் மேல்தான் நிற்கிறார். அவர் உடைத்த ஒரு சாண் பவளம் பழைய அளவுக்கு வளர்வதற்குள் அவருடைய கைக்குழந்தை கல்லூரிக்குப் போய்விடும். நீந்தத் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட் அணிந்து மிதந்தபடி பார்க்கட்டும். நிற்பதும் பிடித்துத் தொங்குவதும் கூடாது.

அடுத்தது, மீனுக்கு இரை போடுவது. படகோட்டி ரொட்டித் துண்டை நீட்டுகிறார். குழந்தை தண்ணீரில் உதிர்க்கிறது. வண்ண மீன்கள் மொய்க்கின்றன. யாருக்கும் இதில் தவறு தெரிவதில்லை. ஆனால், கிளிமீன் போன்றவை பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து, அது மூடிவிடாமல் காப்பவை. அவை கடித்துத் தின்னும் சுண்ணாம்பு உடலுக்குள் அரைபட்டு மணலாக வெளியேறுகிறது. வெப்பமண்டலத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பகுதி இந்த மீன்களின் கழிவுதான். ரொட்டிக்குப் பழகிய மீன் மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளும். பாசி பவளத்தின் மேல் ஏறும். பிள்ளையின் கையிலிருந்து விழும் ரொட்டி, பவளத்துக்கும் மணலுக்கும் சேர்த்துக் கேடு செய்கிறது.

வெயில் காப்புக் களிம்பைப் பற்றிய பேச்சும் இப்போது பரவலாகியிருக்கிறது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரு வேதிப்பொருள்கள் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியதையடுத்து, பலாவு நாடு 2020 ஜனவரியிலும் ஹவாய் மாநிலம் 2021 ஜனவரியிலும் அவற்றைக் கொண்ட களிம்புகளைத் தடைசெய்தன. தாய்லாந்து தன் கடல் தேசியப் பூங்காக்களில் 2021இல் தடை கொண்டுவந்தது. திறந்த கடலில் இந்தப் பாதிப்பு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால், இதற்குத் தீர்வு எளிது. உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை அணிந்தால், களிம்பு தேவைப்படும் பரப்பே சுருங்கிவிடும். முழு உடையோடு கடலில் இறங்குவது நம் ஊர்ப் பழக்கம்தான். அதைச் சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் என்று செய்யும்போதுதான் ஆபத்து. நனைந்து கனத்த துணி காலைச் சுற்றிக்கொண்டால், இடுப்பளவு நீரிலும் எழுந்திருக்க முடியாது.

ஆமைகளின் கதை சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததுதான். ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு ஏறி வந்து முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து வெளியே வரும் குஞ்சுகள், இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். வெறும் கரையில் அது கடலின் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அது சொகுசு பங்களாவின் விளக்கு. பாவம் பார்த்துக் குஞ்சைக் கையில் எடுத்து நீரில் விடுபவர்களும் உண்டு. வளர்ந்த பெண் ஆமை தான் பிறந்த கரையையே நாடி வருகிறது. அந்த நினைவு பதிவதில் மணலில் அது தவழும் முதல் நடைக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விளக்கை அணைப்பதும், செல்பேசி ஃபிளாஷை நிறுத்துவதும், விலகி நிற்பதும் அதற்குப் போதுமான உதவி. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு நடை நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது. பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்லும் அந்த நடைகள்தான், கடற்கரையில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம்மிடையே உள்ள ஒரே பள்ளிக்கூடம் என்று சொல்லலாம்.

நினைவுப்பொருள் சேகரிப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் செத்துக் கிடந்தது என்பது சாக்காகாது. ஆளில்லாத சங்கும் சிப்பியும்கூட வீணாகக் கிடப்பதில்லை. துறவி நண்டுகள் அவற்றில்தான் குடியேறுகின்றன.

இனி, மனித உயிர். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள தாழ்வான இடங்கள் வழியாக விசையோடு கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை உடைவது குறைவு. பார்க்க அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவர் ‘இங்கே அலை இல்லை’ என்று நம்பி அங்கேயே இறங்குகிறார். இழுத்துக்கொண்டு போகும்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்துவதால் களைத்து மூழ்குகிறார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து ஏறும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. குளிக்கத் தடை என்ற பலகையை மீறி இறங்குவதும் வீரம் இல்லை. மூழ்குபவரைக் காப்பாற்றப் பெரும்பாலும் முதலில் குதிப்பவர்கள் அந்தக் கரை மீனவர்கள். நம் விளையாட்டு அவர்கள் உயிரையும் பணயம் வைக்கிறது.

கரை ஒரு வேலையிடம்

நகரத்திலிருந்து வருகிறவருக்குக் கடற்கரை வெறும் மணல்வெளியாகத் தெரிகிறது. அங்கே வசிப்பவர்களுக்கு அது படகு நிறுத்தும் இடம், வலை பிரித்துச் சீர்செய்யும் இடம், கருவாடு உலர்த்தும் இடம், மீன் ஏலம் போடும் இடம். கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். சென்னைப் பக்கம் இதையே பெரிய வலை என்பார்கள். இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றை மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். எல்லோரும் வெறுங்காலோடுதான். முந்தின இரவு யாரோ உடைத்துவிட்டுப் போன மதுப்புட்டியின் சில்லு எங்கே புதைந்திருக்கிறது என்பது மறுநாள் காலை அந்தக் கால்களுக்குத்தான் தெரியவருகிறது.

படகின் மேல் ஏறிப் படம் எடுப்பது, உலரும் வலையை மிதித்து நடப்பது, மீன் ஆயும் பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்காமல் கேமராவை நீட்டுவது, மணலில் ஜீப்பை ஓட்டி ஆமைக் குழிகளின் மேல் ஏற்றுவது எல்லாம் ஒரே நினைப்பிலிருந்து வருபவை: இந்த இடத்துக்கு உரியவர் யாரும் இல்லை என்ற நினைப்பு. புனித யாத்திரைக்கும் இது பொருந்தும். ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவரும் வழக்கம் இருக்கிறது. கழிந்தது பாவமோ இல்லையோ, துணி கழிவதில்லை. அது வலையில் சிக்குகிறது, படகின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது, கடற்புல்லின் மேல் படிந்து மூடுகிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆவுளியா என்னும் கடற்பசு உயிர்வாழ்வது அந்தப் புல்லை மேய்ந்துதான். அதற்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூய்மையான கரை என்ற பெயரில் மீனவரை அப்புறப்படுத்துவது கடற்கரை நாகரிகம் ஆகாது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது, மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். அந்தச் சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே குப்பம் இருந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவருக்கு மீன் வாடை பிடிக்கவில்லை என்றால், விலகிப்போக வேண்டியவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கத் தேவையில்லை.

முறை வைத்து வாழ்கிறவர்கள்

கடலோர மக்களின் வாழ்க்கையில் பயணிகள் கவனிக்காத ஒன்று உண்டு. அவர்கள் கடலை முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைபோட்டுத் தீர்மானிக்கிறது. ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, உலோகச் சுரண்டி பயன்படுத்துவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி என்ற சர்வதேச அமைப்பின் விருது கிடைத்தது.

இந்த ஏற்பாடுகளில் மீறல்கள் உண்டு, சண்டைகள் உண்டு. அரசு போட்ட விதியும் உண்டு, ஊர் போட்ட விதியும் உண்டு. ஆனால், கடலை நம்பிப் பிழைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. கடலில் முறையே இல்லாமல் இறங்குகிறவர் சுற்றுலாப் பயணி மட்டும்தான். எந்த நாளும் வரலாம், எத்தனை பேரும் வரலாம், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பிழைப்புக்காகப் போகிறவர் காத்திருக்கும்போது, பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்குக் காத்திருப்பே கிடையாது என்பது நியாயமில்லை.

பெரிய குற்றவாளிகள் இருக்கும்போது…

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதைச் சுற்றிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றைக் கொன்றவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டி அவை இறந்தன என்பதே பரவலான முடிவு. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீரின் வெப்பம். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஆலைக் கழிவும், அனல்மின் நிலையச் சுடுநீரும், துறைமுகத் தூர்வாரலும் செய்கிற கேட்டுக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் ரொட்டித் துண்டு எம்மாத்திரம்? தனிமனித ஒழுக்கத்தைப் பேசிப் பேசியே பெரிய கைகளைத் தப்பவிடுகிறோமோ?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெரிய கைகளைப் பிடிக்கத்தான் வேண்டும். இழுவலைகளில் ஆமை தப்பும் சாதனம் பொருத்துவதை அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால், அதை முடித்துவிட்டு இதற்கு வரலாம் என்று ஒத்திப்போட முடியாது. வெப்பத்தால் வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. நீர் குளிர்ந்து, வேறு தொல்லை இல்லாமல் இருந்தால் சில வாரங்களில் தேறிவிடக்கூடும். காய்ச்சலில் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வது போன்றதுதான் அந்த நேரத்தில் நாம் விலகி நிற்பது. உலக வெப்பத்தை ராமநாதபுரம் ஆட்சியரால் குறைக்க முடியாது. வெளுப்புக் காலத்தில் பவளத்திட்டுக்குப் படகு விடாமல் நிறுத்த அவரால் முடியும்.

மூன்று வேலைகள்

முதலாவது, இறங்குவதற்கு முன் சொல்லிக்கொடுப்பது. ஹவாய் ஓஹூ தீவின் ஹனௌமா விரிகுடாவில் 2002 முதல் ஒரு விதி இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் கரைக்கு இறங்க முடியும். பலாவு நாடு 2017 முதல் பயணிகளின் கடவுச்சீட்டிலேயே ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறது. அந்நாட்டுக் குழந்தைகளின் பேரால் எழுதப்பட்ட அதில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே விடுகிறார்கள். நமக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு ஏறும் இடத்திலும், தனுஷ்கோடிச் சாலையின் நுழைவிலும், கோவளத்தின் நீலக்கொடிக் கடற்கரையிலும் பத்து நிமிட விளக்கம் கட்டாயமாக்கப்படலாம். ராமேசுவரத்துக்கு வடநாட்டினரும் ஆந்திரத்தினரும் பெருமளவில் வருவதால் இந்தியிலும் தெலுங்கிலும் அது இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் பெறும் உள்ளூர் மீனவர்களாக இருக்கட்டும். கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

இரண்டாவது, வரம்பு. அந்தமானில் வண்டூருக்கு அருகிலுள்ள ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு பவளத் தீவுகளையும் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஒன்றில் ஆள் நடமாடும்போது மற்றது ஓய்வெடுக்கும். ஞெகிழிப் பைக்கு அங்கே அனுமதி இல்லை. வரம்பு வைப்பது தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று எண்ணிக்கையும் வைக்கப்பட்டது. மலைக்குத் தாங்கும் அளவு உண்டு என்று ஏற்றுக்கொண்ட நாம், கடற்கரை மட்டும் எவ்வளவு கூட்டத்தையும் தாங்கும் என்று எப்படி நம்புகிறோம்? அரிச்சல்முனைவரை 2017இல் சாலை திறந்த பிறகு, மணல்முனை வாகனக் காடாகிவிட்டது. அதே தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. பறவைகள் தங்கும் மாதங்களில் வாகனத்துக்கு உச்சவரம்பும், ட்ரோன் கேமராவுக்குத் தடையும் இல்லாவிட்டால், சரணாலயம் என்பது அரசிதழில் மட்டுமே இருக்கும். ஆமைப் பருவத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்பதும் உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும்.

மூன்றாவது, இந்த வரம்பை யார் வகுப்பது என்பது. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால், அது நுழைவுச்சீட்டு வசூலாகவும் மீனவருக்குப் போடும் வேலியாகவும் முடிந்துவிடும் என்ற அச்சம் கடலோரத்தில் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணங்களும் இருக்கின்றன. எந்த மாதம் திறப்பது, எத்தனை படகு விடுவது, எந்த இடத்தில் பயணி இறங்கக் கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்துகளோடும் பாசி எடுக்கும் பெண்களின் சங்கங்களோடும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். வசூலில் அவர்களுக்கு எழுதப்பட்ட பங்கு வேண்டும். 61 நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்துக் கரையில் காத்திருப்பவர்கள் வகுக்கும் விதிக்கு, ஒரு வாரக் கடைசியில் கடல் பார்க்க வரும் நாம் கட்டுப்படுவது ஒன்றும் பெரிய தியாகமில்லை. அடுத்த கோடைக் கூட்டம் வருவதற்கு முன் அரசு அவர்களை அழைத்துப் பேசட்டும்.